கதவைத் திறந்து வைத்த ரபி

ஆஷ்விட்ஸில் பிழைத்தவர், பம்பாயில் பணியைத் தொடங்கியவர், லண்டனில் புகழ் பெற்றவர் ஹ்யூகோ க்ரின். அவர் இறந்தபோது, அவருக்கு யார் மரியாதை செலுத்தலாம் என்பதே சர்ச்சையானது.

ஒரு மதகுரு இறந்தால் மற்ற மதகுருக்கள் இறுதிச் சடங்குக்கு வருவார்கள். கொள்கையில் ஆயிரம் வேறுபாடு இருந்தாலும் மயானத்தில் அதைக் காட்டுவதில்லை. 1996 ஆகஸ்ட் 18ஆம் தேதி லண்டனில் ரபி ஹ்யூகோ க்ரின் தமது 66ஆவது வயதில் இறந்தபோது, இந்த எளிய வழக்கமே பெரும் சிக்கலாகிவிட்டது. பிரிட்டனில் யூதர் அல்லாதவர்களுக்கும் பரிச்சயமான ரபி அவர். பிபிசி வானொலியில் அவர் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் ஏராளம். ஆனால் தலைமை ரபி ஜோனதன் சாக்ஸ் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

இதற்குக் காரணம் தனிப்பட்ட விரோதம் அல்ல. சாக்ஸ், வைதீக யூதர்களின் தலைவர். க்ரின், சீர்திருத்த யூதர். வைதீகக் கணக்கில் சீர்திருத்த ரபி, ரபியே அல்ல. அவரது சடங்கில் கலந்துகொண்டால் அவரது பிரிவை அங்கீகரித்ததாகிவிடும்.

யூத சமூகத்தில் பலர் கொதித்துப் போனார்கள். 1997 தொடக்கத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு சாக்ஸ் வந்தார். ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் பிழைத்த மனிதர் என்ற முறையில் க்ரினைப் பாராட்டிப் பேசினார். இப்போது கொதிப்பது மறுதரப்பின் முறையாயிற்று. இன்னும் கறாரான வைதீகர்களைச் சமாதானப்படுத்த, அவர்களது மூத்த ரபிக்கு சாக்ஸ் எபிரேய மொழியில் எழுதிய கடிதம் மார்ச் மாதம் 'ஜூயிஷ் க்ரானிக்கிள்' வார இதழில் வெளியாகிவிட்டது. மத நம்பிக்கையை அழிப்பவர்களில் ஒருவராக க்ரினை அது குறிப்பிட்டது.

அழிவு என்றால் என்ன என்பதைப் பதினான்கு வயது நிறைவதற்கு முன்பே பார்த்துவிட்டவர் க்ரின்.

அவர் பிறந்த பெரஹோவோ, கார்பாத்திய மலையடிவாரத்தில் உள்ள சிறு நகரம். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. நாடுகள்தான் அதன் மீது ஏறி இறங்கின. முதல் உலகப் போர் வரை ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யம். பிறகு செக்கோஸ்லோவாகியா. 1938இல் ஹங்கேரி. 1945இல் சோவியத் யூனியன். 1991 முதல் உக்ரைன். 1930 ஜூன் 25ஆம் தேதி க்ரின் பிறந்தபோது அங்கே பறந்தது செக்கோஸ்லோவாகியக் கொடி. தந்தை கேஸா மரவியாபாரி. மதப்பற்று மிக்க குடும்பம்.

1944 மார்ச்சில் ஜெர்மன் படைகள் ஹங்கேரியில் நுழைந்தன. மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டே வாரங்களில், 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான யூதர்கள் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். பெரஹோவோ யூதர்களை முதலில் ஒரு செங்கல் சூளையில் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து ரயில்.

ஆஷ்விட்ஸ் நடைமேடையில் கோடு போட்ட உடையில் நின்ற கைதி ஒருவர், பையனின் காதில் விழும்படி முணுமுணுத்தார். வயது 19 என்று சொல், ஏதாவது தொழில் தெரியும் என்று சொல். க்ரினுக்கு அப்போது 13 வயது. சொன்னார், பிழைத்தார். தம்பி கேபிக்கு வயது பத்து. அவன் 19 என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தாத்தா பாட்டியோடு விஷவாயுக் கூடத்துக்கு அனுப்பப்பட்டான்.

அந்த நடைமேடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீ வைதீகனா, சீர்திருத்தவாதியா, கோயிலுக்கே போகாதவனா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. யூதர் என்றால் யூதர்தான்.

தந்தையும் மகனும் லீபரோஸ் என்ற அடிமை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டு யோம் கிப்பூர் வந்தது. உண்ணாநோன்பு இருந்து ஆண்டு முழுதும் செய்த பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் நாள். வேலையிடத்தில் கட்டடப் பொருள்கள் குவிந்து கிடந்த இடுக்கில் பையன் ஒளிந்துகொண்டு, நினைவிலிருந்த பிரார்த்தனைகளைச் சொன்னான். அழுகை வந்தது. கடவுளும் தன்னோடு சேர்ந்து அழுவதாகத் தோன்றியது என்று பின்னாளில் க்ரின் விவரித்தார். ஆஷ்விட்ஸில் கடவுள் எங்கே போயிருந்தார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் அங்கிருந்துதான் வந்தது. கடவுள் அங்கேதான் இருந்தார், அவமதிக்கப்பட்டவராக. மனிதன் எங்கே போனான் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

டிசம்பரில் ஹனுக்கா, எட்டு நாள் விளக்கேற்றும் பண்டிகை. கேஸா தமக்கும் மகனுக்கும் ரேஷனாகக் கிடைத்த மார்ஜரினைச் சேர்த்து வைத்து, அதை எண்ணெயாக்கி விளக்கேற்ற முயன்றார். மார்ஜரின் எரியவில்லை, சீறிவிட்டு அணைந்தது. பசியால் துடித்த பையனுக்கு ஆத்திரம். உயிர் காக்கும் கொழுப்பை இப்படி வீணாக்கலாமா? உணவில்லாமல் மூன்று வாரம் இருந்து பார்த்துவிட்டோம். தண்ணீரில்லாமல் மூன்று நாள் இருக்கலாம். நம்பிக்கை இல்லாமல் மூன்று நிமிடம்கூட இருக்க முடியாது என்பது தந்தையின் பதில். க்ரின் வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. அவரது மதத்தின் சாரமும் இதுதான் என்று சொல்லலாம். சட்டப்படி பார்த்தால் அந்த விளக்கு எரியவே இல்லை.

1945 மே தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஷன் முகாமை அமெரிக்க ராணுவம் விடுவித்தது. சில நாள்களிலேயே டைஃபஸ் ஜுரத்தில் தந்தை இறந்தார். தாய் பெல்லா வேறு முகாம்களில் உயிர் தப்பியிருந்தார்.

போருக்குப் பிறகு, அநாதைகளான யூதச் சிறுவர் ஆயிரம் பேரை ஏற்க பிரிட்டன் அரசு அனுமதி தந்தது. தேடிப் பார்த்ததில் வந்து சேர்ந்தவர்கள் 732 பேர்தான். அந்த வயதில் அதற்கு மேல் யாரும் உயிரோடு கிடைக்கவில்லை. 1946இல் அப்படி வந்தவர்களில் ஒருவர் க்ரின். ஆங்கிலம் கற்றார், கேம்பிரிட்ஜில் இடம் பிடித்தார், கணிதமும் உயிர்வேதியியலும் படித்தார். விஞ்ஞானியாகியிருக்கலாம்.

திருப்பியவர்கள் இருவர். ஒருவர் லியோ பேக். பெர்லினின் பெரிய ரபி. நாஜி ஆட்சியில் வெளிநாட்டுக்குத் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை உதறி, தம் மக்களுடனேயே தங்கியவர். 1943இல் தெரேசியென்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டு, பிழைத்து, எழுபது வயது கடந்து லண்டன் வந்தவர். இன்னொருவர் லில்லி மாண்டேகு. இந்தியாவின் அரசியல் வரலாறு படித்தவர்களுக்கு அந்தக் குடும்பப் பெயர் தெரிந்திருக்கும். 1919ஆம் ஆண்டின் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களுக்குப் பெயர் தந்த எட்வின் மாண்டேகுவின் சகோதரி அவர். தம்பி இந்திய அரசியலைச் சீர்திருத்தப் பார்த்தார். அக்கா யூத மதத்தை. பிரிட்டனில் தாராளவாத யூத இயக்கம் 1902இல் தொடங்கியதற்கு அவர் முக்கியக் காரணம்.

தாராளவாதம் என்றால் என்ன? சீர்திருத்த யூதர், தாராளவாத யூதர் என்று பிரிட்டனில் இரு அமைப்புகள் இருந்தன. அளவில்தான் வேறுபாடு, திசை ஒன்றே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிறந்த சிந்தனை இது. தோரா முழுதும் எழுத்துக்கு எழுத்து கடவுள் சொல்லி மோசே எழுதியது என்கிறார்கள் வைதீகர்கள். கடவுளைத் தேடிய மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதியது என்கிறார்கள் தாராளவாதிகள். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்ற எல்லாம் வருகின்றன. மனிதர் எழுதியது என்றால் மனிதர் திருத்தலாம். ஜெப ஆலயத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். எபிரேயத்தோடு புரிகிற மொழியிலும் வழிபடலாம். பெண் ரபியாகலாம். சடங்கைவிட நடத்தை முக்கியம்.

வைதீகர்களின் அச்சத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஈராயிரம் ஆண்டுகள் சொந்த நாடு இல்லாமல் சிதறிக் கிடந்த ஓர் இனத்தைக் கட்டிக் காத்தது சட்டம்தான். ஆளாளுக்கு ஒரு செங்கல்லை உருவினால் சுவர் நிற்குமா என்பது அவர்கள் கேள்வி. குறிப்பாக, திருமணம், விவாகரத்து, மதமாற்றம் ஆகியவற்றில் விதிகள் பிரிந்தால், நாளை யார் யூதர் என்பதிலேயே ஒருமித்த கருத்து இருக்காது.

க்ரின் சுவரைவிடக் கதவை நம்பியவர். 1950இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் உள்ள ஹீப்ரு யூனியன் கல்லூரியில் சேர்ந்து, 1957இல் ரபியானார். முதல் நியமனம் நியூயார்க்கும் அல்ல, லண்டனும் அல்ல. பம்பாய்.

அங்கே ஒரு தாராளவாத யூத சபை 1925 முதல் இயங்கி வந்தது. பெயர் ஜூயிஷ் ரிலிஜியஸ் யூனியன். தொடங்கியவர் ரபி அல்ல, மகப்பேறு மருத்துவர். டாக்டர் ஜெருஷா ஜிராத் லண்டனில் மருத்துவம் படித்தபோது லில்லி மாண்டேகுவின் வழிபாட்டுக் கூட்டங்களுக்குப் போனவர். ஊர் திரும்பிய பின் பம்பாய் காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். 1966இல் பத்மஸ்ரீ பெற்றவர். சபையின் ஜெப ஆலயத்துக்குப் பெயர் ரோடெஃப் ஷாலோம். சமாதானத்தை நாடுபவர் என்று பொருள்.

சபையினர் பெரும்பாலும் பெனே இஸ்ரவேலர்கள், அதாவது இஸ்ரவேலின் மக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் கொங்கணக் கரையில், அலிபாக் அருகே நவ்காவில், கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள். அவர்களின் சந்ததி நாங்கள் என்பது அவர்கள் மரபு. கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள். அதனால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் சனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். தாய்மொழி மராத்தி. ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர். புனித நூல் கைவிட்டுப் போன காலத்திலும் ஓய்வு நாள், விருத்தசேதனம், உணவு விதிகள், ஒரு சிறு பிரார்த்தனை ஆகியவற்றை விடாமல் வைத்திருந்தார்கள். ஆங்கிலக் கவிஞர் நிஸிம் எசக்கியேல் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான்.

ஐரோப்பாவின் சாம்பலிலிருந்து வந்த 27 வயது ரபியும், யூத வெறுப்பு உள்ளூரில் முளைக்காத ஒரு நாட்டின் யூதர்களும் இப்படிச் சந்தித்தார்கள். ஒரு தரப்பு, யூதர் என்பதற்காகவே குடும்பத்தைப் பறிகொடுத்தது. மறுதரப்பு, யூதராக இருந்தும் யாரும் கேள்வி கேட்காமல் வாழ்ந்தது. மூன்று ஆண்டுகள் க்ரின் அங்கே பணியாற்றினார்.

கேள்வி கேட்கப்படாத அந்த வாழ்க்கை சீக்கிரமே முடிவுக்கு வந்தது; அதுவும் இந்தியாவில் அல்ல. 1948இல் இஸ்ரேல் உருவான பிறகு பெனே இஸ்ரவேலர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். 1962இல் இஸ்ரேலின் தலைமை ரபி பீடம் ஓர் உத்தரவு போட்டது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் மற்ற யூதரை மணப்பதானால் பூர்விகத்தைத் தலைமுறை தலைமுறையாக விசாரிக்க வேண்டும். விவாகரத்து, மறுமணம் ஆகியவற்றில் யூத சட்டத்தைச் சரியாகப் பின்பற்றினார்களா என்பது பீடத்தின் சந்தேகம். உறவும் ஊரும் விட்டு, யூதர்களின் நாடு என்று நம்பி வந்தவர்களிடம் நீங்கள் முழு யூதர்தானா என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஜெருசலேமில் உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். 1964இல் பிரதமர் லெவி எஷ்கோலும் நாடாளுமன்றமும் தலையிட்டு, அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்த பிறகுதான் பீடம் இறங்கி வந்தது.

அதே 1964இல் க்ரின் லண்டனில் மேற்கு லண்டன் ஜெப ஆலயத்தின் ரபியாகப் பொறுப்பேற்றார். 1840இல் தொடங்கிய, பிரிட்டனின் மூத்த சீர்திருத்த சபை. அடுத்த 32 ஆண்டுகள் அதுவே அவர் இடம். திருமணம், மரணம், குடும்பச் சண்டை, வேலை போன துயரம் என்று ஒரு மதகுருவின் அன்றாடம். லியோ பேக்கின் பெயர் தாங்கிய லண்டன் கல்லூரி 1975இல் பிரிட்டனின் முதல் பெண் ரபியாக ஜாக்குலின் டேபிக்கை உருவாக்கியது. அவர் பணியாற்ற வந்தது க்ரினின் ஆலயத்துக்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் தலைவர்களோடு உரையாடும் குழுக்களிலும் க்ரின் முன்னணியில் இருந்தார்.

முகாம் அனுபவத்தை நீண்ட காலம் அவர் பொது மேடைகளில் அதிகம் பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகு நிறுத்தவும் இல்லை. 1989இல் மகள் நவோமியின் ஆவணப் படத்துக்காக பெரஹோவோ திரும்பினார். அவர் எழுதிவைத்த நினைவுகள் மகளின் முயற்சியில் 2000ஆம் ஆண்டு 'சேஸிங் ஷேடோஸ்' என்ற நூலாக வெளிவந்தன.

நாடறிந்த புகழ் வந்தது 1990இல். பிபிசியின் நான்காம் வானொலி 'மாரல் மேஸ்' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. தர்மசங்கடமான பொதுப் பிரச்னைகளை நால்வர் குழு அலசும். விருந்தினர்களைக் குறுக்கு விசாரணை செய்யும். மற்றவர்கள் வாள் வீசும் இடத்தில் க்ரின் ஒரு கதை சொல்வார். 1992இல் பிரிட்டன் அரசின் சிபிஈ விருது பெற்றார்.

ஆனால் அவரது கடைசிப் போராட்டம் யூதர்களுக்காக அல்ல. 1996இல் பிரிட்டன் அரசு, புகலிடம் கேட்டு வருபவர்களில் பலருக்கு உதவித்தொகையை நிறுத்தியது, சட்டத்தையும் இறுக்கியது. நோயுற்றிருந்த நிலையில் க்ரின் அகதிகள் கவுன்சிலுக்காக எழுந்து பேசினார். அந்தப் பேச்சு ஒரு சிறு வெளியீடாகவும் வந்தது. இந்த நூற்றாண்டைப் போர்களின் நூற்றாண்டு என்பது போலவே அகதிகளின் நூற்றாண்டு என்றும் வரலாறு சொல்லும் என்பது அவர் கணிப்பு. எந்தக் கடமையும் இல்லாத ஒருவரை ஒரு சமூகம் எப்படி நடத்துகிறது என்பதே அதன் ஆன்மிக அளவுகோல் என்பது அவர் வாதம். ஒருகாலத்தில் 732 சிறுவர்களில் ஒருவராகக் கதவுக்கு வெளியே நின்றவர் வேறு எப்படிப் பேசுவார்?

அவர் இறந்த பிறகு வெடித்த கடித விவகாரத்தில் வென்றவர் என்று யாரும் இல்லை. தாராளவாதிகளின் பார்வையில் சாக்ஸ் இரட்டை நாக்குக்காரர். கறாரான வைதீகர்களின் பார்வையில் கோழை. இரு தரப்புக்கும் பொதுவான ஒரு சமூகத்துக்குத் தலைவராக இருக்க முயன்றதுதான் அவர் செய்த தவறு என்றும் சொல்லலாம். 1998இல் வைதீக, சீர்திருத்த, தாராளவாதத் தரப்புகள் ஸ்டான்மோரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கொள்கையில் வேறுபடுவோம், மரியாதையில் குறைவைக்க மாட்டோம் என்பது அதன் சாரம். க்ரின் உயிரோடு இருந்து சாதிக்க முடியாததை அவரது சவ ஊர்வலம் சாதித்தது.

சாக்ஸின் கதையும் அங்கே முடியவில்லை. எந்த மதமும் முழு உண்மைக்குத் தனி உரிமை கொண்டாட முடியாது என்று பொருள்படும் கருத்துகளோடு 2002இல் 'டிக்னிட்டி ஆஃப் டிஃபரன்ஸ்' என்ற நூலை எழுதினார். கறாரான வைதீக ரபிகள் சிலர் அதை மத விரோதம் என்றார்கள். அடுத்த பதிப்பில் சில பகுதிகளை அவர் திருத்தி எழுத நேர்ந்தது. நம்பிக்கையை அழிப்பவர் என்ற முத்திரை எவ்வளவு சுலபமாகக் கைமாறும் என்பதை, 2020இல் மறைந்த அந்த அறிஞர் தம் வாழ்நாளிலேயே அறிந்துகொண்டார்.

பம்பாய் மும்பையாகிவிட்டது. பெனே இஸ்ரவேலர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில். இந்தியாவில் மிஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். 2016இல் மகாராஷ்டிர அரசு யூதர்களுக்குச் சிறுபான்மையினர் அந்தஸ்து வழங்கியது. ஒரு பெண் மருத்துவர் தொடங்கிய சபைக்கு நூறு வயது ஆகிவிட்டது. அங்கே மூன்றாண்டு பணியாற்றிய ரபியின் பெயர் வெளியுலகில் அதிகம் தெரியாது.

உண்மையான யூதர் யார் என்பதை ஜெருசலேமும் லண்டனும் ஆவணங்களை வைத்து விசாரித்தன. க்ரின் அந்த விசாரணைக்கே போகவில்லை. எரியாத விளக்கை ஏற்றிய ஒரு மரவியாபாரியின் மகனுக்கு, யார் உள்ளே, யார் வெளியே என்பதைவிட, வெளியே நிற்பவருக்குக் கதவு திறக்கிறதா என்பதே முக்கியமாக இருந்தது.